தேக்கந்தோப்பைக் கூட்டிப் பெருக்கிய மகனுக்கு

சேந்தமங்கலம்,
புரட்டாசி 12.

அன்புள்ள மகன் கதிருக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் நலமாக இருக்கிறேன். நீயும் மருமகளும் பேத்தியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சேர்வராயன் மலையடிவாரத்தில் நீ வாங்கியிருக்கும் ஒன்றரை ஏக்கர் தேக்கந்தோப்பின் படங்களை ஞாயிற்றுக்கிழமை அனுப்பியிருந்தாய். வைகாசியில் சருகு ஒன்றுகூட விடாமல் கூட்டிக் குவித்து எரித்து, தரையை வீட்டு முற்றம்போல ஆக்கிவிட்டதாக மகிழ்ச்சியோடு எழுதியிருந்தாய். உன் உழைப்பைப் பார்த்து எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனாலும் அந்தத் தரையைப் பார்த்த பிறகு மனம் அமைதியாக இல்லை. தொலைபேசியில் சொன்னால் பாதிதான் சொல்ல வரும் என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன். ஐப்பசி பிறக்க இன்னும் சில நாட்களே இருக்கின்றன. அதற்குள் நீ இதைப் படித்துவிட வேண்டும்.

மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பார். வலது ஓரத்தில் நிற்கும் மரத்தின் அடித்தண்டில், தரையிலிருந்து முழங்கால் உயரம் வரைக்கும் செம்மண் தெறித்துக் காய்ந்திருக்கிறது. அதற்கு மேலே பட்டை தன் சாம்பல் நிறத்திலேயே இருக்கிறது. அந்த மரத்தடியில் கிடக்கும் சின்னக் கற்களையும் பார். ஒவ்வொரு கல்லும் ஒரு விரற்கடை உயரமுள்ள மண் தூணின் தலையில் உட்கார்ந்திருக்கிறது. யாரும் எடுத்து அப்படி வைக்கவில்லை. முன்பு தரை அந்தக் கல்லின் மட்டத்தில் இருந்தது. தனக்கு அடியில் இருந்த மண்ணை அந்தக் கல் காப்பாற்றிக்கொண்டது. சுற்றியிருந்த மண் ஆவணி மழையில் அடிபட்டு, தெறித்து, சரிவில் இறங்கிப் போய்விட்டது. தோப்பு முழுவதும் இப்படித்தான் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஓர் ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் மண் போனாலே அது 40 கன மீட்டர் மண் என்பதை நீயே பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம்.

மரங்கள் அடர்ந்து நிற்கும்போது மழை எப்படித் தரையை அடிக்கும் என்று நீ கேட்பாய். முப்பது ஆண்டு தாவரவியல் பாடம் நடத்திய எனக்கே அந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் இருந்த காலம் உண்டு. மழை எவ்வளவு பெய்தது என்று மட்டுமே நாம் கேட்கிறோம். ஒவ்வொரு துளியும் எவ்வளவு பெரியது, எவ்வளவு வேகத்தில் வந்தது, எதன்மேல் விழுந்தது என்று கேட்பதில்லை. தூறலின் துளி அரை மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும், அது நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் இறங்கும். சாதாரண மழையின் 2 மில்லிமீட்டர் துளி ஏறத்தாழ ஆறரை மீட்டர் வேகத்தில் வரும். 5 மில்லிமீட்டர் துளியோ நொடிக்கு 9 மீட்டர், அதாவது மணிக்கு 32 கிலோமீட்டர் வேகத்தில் வந்து அடிக்கும். அதைவிட மிகப் பெரிய துளிகள் வானத்தில் நிலைப்பதில்லை. எதிர்க்கும் காற்று அடிப்பக்கத்தைத் தட்டையாக்கி, பிறகு பிய்த்துவிடும். படங்களில் வரைகிறார்களே, மேலே கூராகவும் கீழே உருண்டையாகவும், அந்த வடிவத்தில் எந்த மழைத்துளியும் விழுவதில்லை. சிறியது உருண்டையாக இருக்கும், பெரியது அடி தட்டையான பன் ரொட்டி வடிவில் இருக்கும்.

துளியின் அளவை அறிய எளிய வழி ஒன்று உண்டு. அமெரிக்காவில் வெர்மாண்ட் மாநிலத்து விவசாயி வில்சன் பென்ட்லி, பனித்துகள்களைப் படமெடுத்துப் பெயர் பெற்றவர், 1904ஆம் ஆண்டில் அதை எழுதி வைத்தார். ஓர் அகலத் தட்டில் சலித்த மாவை ஓர் அங்குல உயரத்துக்குப் பரப்பி, சில நொடிகள் மழையில் காட்டி எடுத்துவிட வேண்டும். விழுந்த ஒவ்வொரு துளியும் மாவில் ஓர் உருண்டையாகத் திரண்டு நிற்கும். அதைக் காயவைத்துச் சலித்தால் உருண்டைகள் கையில் வந்துவிடும். அவற்றின் அளவு துளியின் அளவுக்கு மிக நெருக்கமாக இருக்கும். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு ஒரு கார்த்திகை மாதத்தில் நான் அதைச் செய்தேன். ஒரு தட்டைத் திறந்த மைதானத்திலும், இன்னொன்றைப் பள்ளி மதிலோரம் நின்ற தேக்கு மரத்தடியிலும் வைத்தோம். மைதானத்துத் தட்டில் கடுகும் கேழ்வரகும் போன்ற உருண்டைகளே பெரும்பாலும் இருந்தன. தேக்கடியில் வைத்த தட்டில் உருண்டைகள் எண்ணிக்கையில் குறைவு. ஆனால் அவற்றில் பல கொத்தமல்லி விதையின் பருமனுக்கு இருந்தன. பிள்ளைகள் அதை நம்பாமல் மறுநாளும் செய்து பார்த்தார்கள். மறுநாளும் அப்படியே வந்தது.

தேக்கிலை எவ்வளவு பெரியது என்று உனக்குத் தெரியும். சிறு வயதில் அதைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு மழையில் ஓடியவன் நீ. சொரசொரப்பான அந்த அகன்ற இலையில் விழும் சிறு துளிகள் உடனே கீழே விழுவதில்லை. அவை படர்ந்து, நரம்புகளின் பள்ளத்தில் ஒன்றோடு ஒன்று சேர்ந்து, இலையின் தாழ்ந்த விளிம்புக்கு வந்து, தன் எடையைத் தானே தாங்க முடியாத அளவுக்குப் பெருத்த பிறகுதான் கழன்று விழும். ஆகவே மேலிருந்து எந்த மழை வந்தாலும், தூறலே வந்தாலும், இலைக்குக் கீழே போவது பெருந்துளிதான். உன் மரங்களின் கீழ்க்கிளைகள் எட்டு மீட்டர் உயரத்துக்குக் குறையாமல் இருக்கின்றன. அவ்வளவு உயரத்திலிருந்து விழும் பெருந்துளி, தரையைத் தொடும்போது தன் முழு வேகத்தில் பத்தில் ஒன்பது பங்கை எட்டிவிடும். 5 மில்லிமீட்டர் துளியின் எடை 2 மில்லிமீட்டர் துளியின் எடையைப்போல் பதினைந்து மடங்குக்கு மேல். வேகத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால், அது தரையில் இறக்கும் அடி இருபத்தைந்து மடங்குக்குக் குறையாது. மழையில் ஒரு பங்கை இலைகள் பிடித்துவைத்துக் காற்றிலேயே உலர்த்திவிடுகின்றன என்பது உண்மை. ஆயினும் மிச்சம் கீழே வரும் விதம் இப்படி இருக்கிறது. இந்தத் துளியைத் தாங்க மரத்தடியில் சருகு இருக்க வேண்டும். தேக்கு அதைத் தானே உதிர்த்துக்கொள்கிறது. அதைத்தான் நாம் எரித்துவிட்டோம்.

எல்லா மரமும் தேக்குபோல் இல்லை. அரச இலையின் நுனி வால்போல நீண்டிருப்பதைப் பார்த்திருப்பாய். அந்த மெல்லிய நுனியில் நீர் அதிக நேரம் தங்க இடமில்லை. பெரிதாகும் முன்னரே சிறு துளியாகக் கழன்றுவிடுகிறது. புளியமரத்துக்கும் வேம்புக்கும் சிற்றிலை. மூங்கிலின் இலையும் குறுகியது. தரைக்கு அருகே படர்ந்திருக்கும் புல்லோ இன்னும் நல்லது: துளி அதன் தாளில் மோதி உடைந்து, தாளையே பிடித்துக்கொண்டு வழுக்கி இறங்கும், அல்லது ஒரு சாண் உயரத்திலிருந்து வேகமில்லாமல் விழும். இலை வளைந்து கொடுப்பதும் ஒரு காரணம். கையை விறைப்பாக வைத்துப் பந்தைப் பிடிப்பதற்கும், பந்தோடு கையைப் பின்னுக்கு இழுத்துப் பிடிப்பதற்கும் உள்ள வேறுபாடு அது.

நம் கிணற்றடியில் இருந்த சேம்புப் பாத்தி உனக்கு நினைவிருக்கும். துளி சேம்பிலையில் விழுந்து ஒரு கணம் அப்பம்போலத் தட்டையாகி, உடனே ஓரங்களைச் சுருட்டிக்கொண்டு மறுபடி உருண்டையாகித் துள்ளிக் கீழே ஓடிவிடும். இலை நனைவதே இல்லை. தாமரை இலைத் தண்ணீர்போல என்று பட்டும் படாமலும் இருப்பவரைச் சொல்கிறோமே, அதன் காரணத்தை ஜெர்மனியில் பான் நகரத்துத் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்த்லோட்டும் கிறிஸ்டோஃப் நைன்ஹுயிஸும் 1997ஆம் ஆண்டில் விளக்கி எழுதினார்கள். அந்த இலைகளின் மேல்தோல் முழுவதும் கண்ணுக்குத் தெரியாத குட்டி மேடுகள். ஒவ்வொரு மேட்டின் மேலும் மெழுகுப் படிகங்கள். துளி அந்த மேடுகளின் உச்சியை மட்டும் தொட்டுக்கொண்டு, இடையில் அடைபட்ட காற்றின்மேல் நிற்கிறது. பற்றிக்கொள்ள இடமில்லாததால் உருள்கிறது, உருளும்போது தூசியையும் நோய்ப் பூஞ்சையின் வித்துகளையும் வாரிக்கொண்டு போகிறது. வண்ணத்துப்பூச்சியின் இறகிலும் இதே ஏற்பாடுதான். இறகின் நரம்புபோன்ற வரம்பில் விழும் துளி இரண்டாகப் பிளந்து இன்னும் விரைவாகத் துள்ளிப் பிரிந்துவிடுகிறது என்று 2013ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். ரோஜா இதழிலோ துளி உருண்டையாகவே நிற்கும், ஆனால் இதழைக் கவிழ்த்தாலும் விழாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். மூன்று பரப்பும் பார்வைக்கு வழவழப்பானவைதான். அதே துளி, அதே வேகம். தோலின் அமைப்பு ஒன்றுதான் மாறுகிறது. இதை ஒவ்வொரு ஆண்டும் வகுப்பில் சொல்லும்போதும் புதிதாகக் கேட்பதுபோலவே எனக்கு வியப்பாக இருந்திருக்கிறது.

பாறையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. துளி சிதறும், பாறை அப்படியே இருக்கும்.

நீரின்மேல் நீர் விழுவது வேறு கதை. குளத்தில் ஒரு பெருந்துளி விழுந்தால் முதலில் ஒரு குழி விழும். குழியின் விளிம்பு கிரீடம்போல எழும்பும். குழி மூடும்போது நடுவில் இருந்து ஒரு நீர்த்தூண் எழுந்து, அதன் நுனியிலிருந்து ஒரு குட்டித் துளி பிரிந்து நிற்கும். ஆங்கிலேயரான ஆர்தர் வொர்திங்டன் மின்பொறியின் ஒளியைக் கொண்டு இவற்றையெல்லாம் படமெடுத்து 1908ஆம் ஆண்டில் ஒரு நூலாகவே வெளியிட்டார். ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய சிறு துளிகள் விழும்போது நீருக்குள் ஒரு குமிழி மாட்டிக்கொள்ளும். அது நொடிக்கு 14,000 முறைக்குமேல் அதிர்ந்து ஒலிக்கும். ஏரிமேல் தூறல் விழும்போது நீருக்கடியில் கேட்கும் அந்தச் சீறல் பெரும்பாலும் இந்தக் குமிழிகளின் ஓசையே. நமக்கு இங்கே வேண்டியது வேறொன்று. நீர் ஆழமாக நின்றால் துளியின் அடி அடித்தரைக்குப் போய்ச் சேராது. வரப்புக் கட்டி நீர் நிறுத்திய நெல் வயலில் அடைமழை பெய்தாலும் மண் தெறிக்காததற்கு இதுவே காரணம். ஆனால் துளியின் பருமன் அளவுக்கே நீர் மெல்லிய படலமாக நிற்கும் சரிவு நிலத்தில் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. அங்கே துளி படலத்தையும் கிழித்து, அடியில் உள்ள மண்ணையும் கிளறி நீரோடு அனுப்பிவிடும். உன் தோப்பு இந்த இரண்டாவது வகை.

இனி வெறும் மண்ணுக்கு வருகிறேன். வறண்ட மண்ணில் முதல் துளிகள் விழும்போது எழும் மண்வாசனையை எல்லோரும் விரும்புகிறோம். ஆஸ்திரேலியாவில் இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் என்ற இரு அறிவியலாளர்கள் 1964ஆம் ஆண்டில் அதற்குப் பெட்ரிகோர் என்று பெயர் வைத்தார்கள். துளி நுண்துளைகள் உள்ள மண்ணில் உட்காரும்போது அடியில் அகப்பட்ட காற்று குமிழிகளாக மேலேறி, துளியின் முகட்டில் வெடித்து, மண்ணின் மணத்தையும் நுண்ணுயிர்களையும் பொடித் திவலைகளாகக் காற்றில் எறிகிறது. 2015ஆம் ஆண்டில் இதை விரைவுப் படக்கருவியால் பதிவு செய்தார்கள். அந்த மணம் வந்தால் மழைத்துளி ஒன்று மண்ணை நேராகத் தொட்டுவிட்டது என்று பொருள்.

மென்மையான தூறலில் இது அழகு. பெருந்துளியில் நடப்பது வேறு. செம்மண் என்பது தனித்தனித் தூள் அன்று. மக்கும் வேர்க்கசிவும் பிணைத்து வைத்த சிறு சிறு பருக்கைகளின் கூட்டம் அது. பருக்கைகளுக்கு இடையே உள்ள சந்துகளின் வழியாகத்தான் நீர் உள்ளே இறங்க வேண்டும். பெருந்துளி வந்து மோதும்போது பருக்கை உடைகிறது. உடைந்த துகள்கள் கிரீடத்தோடு சேர்ந்து எழும்பி, இரண்டடி உயரத்துக்கும் நான்கைந்து அடி தூரத்துக்கும் போய் விழுகின்றன. சமதரையானால் இங்கிருந்து அங்கே போனதற்கு ஈடாக அங்கிருந்து இங்கே வரும். சரிவில் அப்படி இல்லை. மேல்நோக்கித் தெறித்தது விரைவில் தரையில் முட்டிவிடும், கீழ்நோக்கித் தெறித்தது நெடுந்தூரம் போகும். ஒவ்வொரு துளியும் மண்ணை ஒரு படி கீழே இறக்கிவிடுகிறது. தெறித்த நுண்ணிய களித்துகள்கள் சந்துகளை அடைத்துக்கொள்ளும். சிறிது நேரத்தில் மேலே ஒரு பொருக்கு கட்டிவிடும். அதன் தடிமன் தோசையின் தடிமனைக்கூட எட்டாது, ஆனாலும் அது நீரை உள்ளே விடாது. அதன்பின் பெய்யும் மழை முழுவதும் மேலோடி, தெறித்த மண்ணை அள்ளிக்கொண்டு ஓடைக்குப் போய்விடும். ஓடும் நீர்தான் மண்ணைக் கொண்டுபோகிறது என்று நாம் நினைக்கிறோம். மண்ணைப் பெயர்த்துத் தயாராக வைப்பது அதற்கு முன்னே விழுந்த துளிதான்.

பொருக்கு என்றால் என்ன என்பதை எனக்குச் சொல்லித் தந்தவர் உன் அப்பா. நீ மூன்றாம் வகுப்பில் படித்த ஆண்டு, மேட்டுக்காட்டில் கம்பு விதைத்த மறுநாள் பெருமழை அடித்து, அதன்பின் நாலு நாள் வெயில் காய்ந்தது. ஆறாம் நாளும் முளை வெளியே வரவில்லை. அப்பா கத்தி முனையால் மண்ணின் மேல் ஏட்டை அப்பளம்போலப் பெயர்த்து எடுத்துக் காட்டினார். அதற்கடியில் வெளுத்த முளைகள் தலை மடங்கிக் கிடந்தன. இலந்தை முள்ளைக் கட்டாகக் கட்டி நிலம் முழுவதும் மெதுவாக இழுத்து அந்த ஏட்டை உடைத்தார். பாதிக்குமேல் பயிர் தப்பவில்லை. அந்த நிலத்தை மழைக்கு முன் மழமழவென்று நிரவி, ஒரு தட்டைகூட இல்லாமல் பொறுக்கச் சொன்னவள் நான். சுத்தமாக இருந்தால் நல்லது என்று நானும் அன்று நினைத்தேன். அதனால்தான் உன்னைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை, எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

துளியின் அடியையே தன் பிழைப்புக்குப் பயன்படுத்திக்கொள்ளும் செடியும் உண்டு. கொல்லிமலையில் ஓடைக்கரைப் பாறையில் உனக்கு மார்கான்ஷியா காட்டியிருக்கிறேன், தரையோடு ஒட்டிய பச்சை நாடா. அதன் முதுகில் சிறு கிண்ணங்கள் இருக்கும். கிண்ணத்தில் துளி விழுந்தால் உள்ளே இருக்கும் ஜெம்மாக்கள் என்னும் நுண்ணிய முளைத்துண்டுகள் தெறித்துப் பல சாண் தள்ளிப் போய் விழுந்து புதிய செடியாகும். ஆனால் மிளகாய், தக்காளி, வெற்றிலைக்கு இதே தெறிப்பு பகை. மண்ணில் இருக்கும் பூஞ்சையை அடியிலைகளுக்கு ஏற்றிவிடுவது பெரும்பாலும் மழைத்துளிதான். கொடிக்கால் வைத்திருப்பவர்கள் இதை அனுபவத்தில் நன்றாக அறிவார்கள்.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். இந்த ஆண்டுச் சருகு சாம்பலாகிவிட்டது, அடுத்த உதிர்வு தை, மாசியில்தான். அதுவரைக்கும் தரையை வேறு எதனாலாவது மூட வேண்டும். பக்கத்துத் தோட்டங்களில் கரும்புத் தோகை, சோளத்தட்டை, தென்னை மட்டை, எது கிடைத்தாலும் வாங்கி நான்கு விரற்கடை கனத்துக்கு மூடாக்குப் போடச் சொல். ஒன்றரை ஏக்கருக்கும் போதாவிட்டால் சரிவு அதிகமாக உள்ள கீழ்ப்பாதிக்கும், படத்தில் உள்ள அந்த மரத்தின் சுற்றுப்புறத்துக்கும் முதலில் போடலாம். மூடாக்கில் விழும் துளி உடைந்து, இடுக்குகளில் கசிந்து, வேகம் முழுவதையும் இழந்த பிறகே மண்ணைத் தொடும். சரிவுக்குக் குறுக்கே, ஒரே மட்டத்தில், வெட்டிவேர் வரிசை இரண்டு நட்டுவிட்டால் ஓடிவரும் நீர் நின்று மண்ணைப் போட்டுவிட்டுப் போகும். ஐப்பசி ஈரத்தில் அது நன்றாகப் பிடித்துக்கொள்ளும். தானாக முளைக்கும் புல்லைச் செதுக்க வேண்டாம்.

தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் நெருப்புக்கும் பாம்புக்கும் பயந்துதான் சருகை எரிக்கச் சொல்லியிருப்பார். அவர் பயம் நியாயமானது. காய்ந்த தேக்கிலை எளிதில் பற்றிக்கொள்ளும். ஆகவே கொட்டகையைச் சுற்றியும், நடைபாதையிலும், தோப்பின் எல்லையை ஒட்டிப் பத்தடி அகலத்துக்கும் கோடைதோறும் சுத்தமாகக் கூட்டச் சொல். கூட்டிய சருகை எரிக்காமல் மரங்களுக்கு இடையில் பரப்பச் சொல். அவருக்கு நீ கட்டளையாகச் சொல்ல வேண்டாம். மூன்றாவது படத்தில் இருக்கும் கற்களில் ஒன்றைத் தூக்கி, அதன் அடியில் உள்ள மண்ணையும் பக்கத்தில் உள்ள மண்ணையும் அவர் கையாலேயே தொட்டுப் பார்க்கச் சொன்னால் போதும்.

பேத்திக்குத் தீபாவளி விடுமுறை வரும்போது நானும் அங்கே வருகிறேன். ஒரு கிலோ கோதுமை மாவும், ஒரே அளவில் இரண்டு தட்டும், சின்னக் கண் சல்லடை ஒன்றும் எடுத்து வை. வெட்டவெளியில் ஒரு தட்டை அவள் பிடிக்கட்டும், தேக்குக்கு அடியில் ஒன்றை நான் பிடிக்கிறேன். மூடாக்குப் போட்ட இடத்திலும் போடாத இடத்திலும் ஒவ்வொரு குச்சியை நட்டு, அதில் வெள்ளைக் காகிதத்தைச் சுற்றிவைத்தால், எந்தக் காகிதத்தில் செம்மண் எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது என்று மழை விட்டதும் அவளே அளந்து சொல்லிவிடுவாள். அளவுகோல் அவளிடம் இருக்கும் அல்லவா?

அன்புடன்,
அம்மா